குடை மிளகாய் வளர்த்த ஃபோர்மேன்

அவரிடம் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் அந்த இடத்தில் நிற்க மாட்டார்.

அவர் வீட்டுப் பின்போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்த அன்று, சாமான் இறக்க ஆள் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் லாரிக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். ஃபோர்மேன் சார் தானாகவே வந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார். கட்டில், மாவாட்டும் கல் எல்லாம் உள்ளே போன பிறகு, "உங்களை மாதிரி நல்ல மனுஷங்க வீடு எங்களுக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம் சார்" என்றேன். யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி விறுவிறுவென்று கிணற்றடிக்குப் போய்விட்டார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"முன்னாடி இப்படி இல்ல. இப்ப கொஞ்ச நாளா இப்படித்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

அது 1991. கல்யாணமான கையோடு சாத்தூரிலிருந்து வந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்றதும் எங்கம்மா "அந்த ஊரா?" என்று நெஞ்சில் கைவைத்தாள். அந்த வருஷம் அந்தப் பெயரைக் கேட்டால் எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். உண்மையில் எங்கள் வீடு அங்கிருந்து தள்ளி, ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகும் வழியில் இருந்தது. சுற்றிலும் வயல், நடுநடுவே புதிதாக வந்த கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர். வண்டிகளுக்குத் தகடு அடித்துக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் என் வீட்டுக்காரருக்கு ஸ்டோர்ஸில் வேலை. ஃபோர்மேன் சார் அதே கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பைப் பார்த்துக்கொண்டவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். சொந்த ஊர் பெரம்பூர்ப் பக்கம். இங்கே மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்.

முன்னாடி எப்படி இருந்தார் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிரஸ் ஓடுகிற சத்தத்துக்கும் மேலே அவர் குரல் கேட்குமாம். மற்ற ஷிஃப்டைவிட அவர் ஷிஃப்டில் எப்போதும் உருப்படி அதிகம். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தால் அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிவாராம். புகழ்ச்சிக்கு மயங்குகிற மனுஷன்தான், ஆனால் கெட்டவர் இல்லை என்பார் என் வீட்டுக்காரர்.

நாங்கள் வருவதற்குச் சில மாதம் முன்னால், அந்தக் கோடையில், பிரஸ்ஸில் ஒரு பையனுக்கு அடிபட்டது. வடக்குப்பட்டுப் பையன், பெயர் ஏழுமலை. வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது. மெஷினுக்குள் கை போகாமல் தடுக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும், கார்டு என்பார்கள். அதைப் பையனே கழற்றி வைத்துவிட்டு ஓட்டினான், தப்பு அவனுடையது என்று சொல்லிக் கம்பெனி அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. அவன் குடும்பத்தார் தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோர்மேன் சார் ஏழுமலை வீட்டுக்குப் போய்வந்தார். தனியாகப் போக மாட்டார். தன் வீட்டம்மாவைக் கூட்டிப்போவார். நான் வந்த பிறகு, "நீயும் வாம்மா, ஊரு பாத்தமாரி இருக்கும்" என்று என்னையும் கூப்பிட ஆரம்பித்தார். பேச்சு தன்மேல் வராமல் இருக்க ஆள் தேடினார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

முதலில் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிப்போனாராம். ஏழுமலையின் அம்மா கன்னியம்மா, "எதுக்கு சார் வீண் செலவு?" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சரி என்று வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்காயைப் பறித்துப்போனார். அவர்கள் வயலிலேயே கத்தரிதான். வெண்டையும் மிளகாயும்கூட அவர்கள் கொல்லையில் இவர் தோட்டத்தைவிடச் செழிப்பாக நின்றன. விவசாயி வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது? இதே யோசனையில் இருந்தவர் ஒருநாள் பட்டணம் போய்விட்டு வரும்போது, விதைக்கடையில் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிவந்தார். குடை மிளகாய் விதை.

எங்கள் பக்கத்தில் அப்போது அதை யாரும் சமைத்ததில்லை. ஊட்டி, பெங்களூர் மாதிரிக் குளிர்ந்த ஊரில்தான் வரும், இந்த வெயிலில் முளைக்காது என்று கம்பெனியில் எல்லாரும் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. சுலபமாக வருகிற செடி அவருக்கு வேண்டியிருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஆடியில் போட்ட முதல் விதை சொன்னபடியே கெட்டது. முளைத்ததெல்லாம் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு அழுகி, ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன. தண்ணீர் அதிகம் விட்டுவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆவணிக் கடைசியில் மறுபடி போட்டார். மணலும் செம்மண்ணும் மக்கின சாணியும் கலந்து சலித்து, அடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின்களில் நிரப்பி, விதையை ஒவ்வொன்றாக ஊன்றி, மேலே வைக்கோல் பரப்பினார். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் குனிந்து வைக்கோலை விலக்கிப் பார்ப்பார். வெள்ளையாகக் கழுத்து வளைந்து முளை எட்டிப்பார்த்த அன்று கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எடுத்து நட்ட பிறகு மேலே பந்தல் போட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தார். இலை சுருண்டால் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பார். முதல் பூவைக் கிள்ளி எறிந்தபோது நான் பதறிப்போனேன். செடி பலப்படட்டும், இப்போதே காய்க்கவிட்டால் நோஞ்சானாகிவிடும் என்றார்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. அவர் செடிகளைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் தாளைப் பந்தல்மேல் இழுத்துக் கட்டினார். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கொட்டுகிற மழையில், தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பத் திரும்பக் கட்டுவதை நானும் அவர் வீட்டம்மாவும் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உள்ள வரச் சொல்லுங்கம்மா, ஜுரம் வந்துரப்போகுது" என்றேன்.

"சொன்னா கேக்க மாட்டாரும்மா. எதுனா செஞ்சிக்கினே இருக்கணும் அவருக்கு. சும்மா குந்தினா ஒரு மாதிரி ஆயிடறாரு" என்றாள். அவள் குரலில் சலிப்பைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

கார்த்திகை முடிவில் காய் வந்தது. உள்ளங்கை நிறைய, பச்சைப் பசேலென்று, மெழுகு தடவியதுபோல. முதலில் பறித்ததைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏழுமலை வீட்டுக்குப் போனோம். கன்னியம்மா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள், ஓரமாகக் கடித்தும் பார்த்தாள். மிளகாய் என்கிறீர்களே, கடித்தால் காரமே இல்லையே, இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டாள். அடுத்த வாரம் நாங்கள் போனபோது, புளிக்குழம்பில் போட்டாளாம், குழம்பே ஒரு வாசனை ஆகிவிட்டதாம், மிச்சத்தை ஆட்டுக்கு வைத்தால் அதுவும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான். ஃபோர்மேன் சாரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏழுமலைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தழும்பு தெரியாமல் கையை எப்போதும் துண்டுக்குள் வைத்திருப்பான். நாங்கள் போனதும் எழுந்து நின்று இடது கையால் நெற்றியைத் தொட்டு வணக்கம் சொல்வான். அந்தக் கையாலேயே காப்பி டம்ளரைக் கொண்டுவந்து கொடுப்பான். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனபோது சார் மடியில்தான் தன் தலை இருந்தது, வழியெல்லாம் சார் அழுதுகொண்டே வந்தார் என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். கம்பெனியிலிருந்து வேறு யாரும் எட்டிப்பார்க்கவில்லை, இவர் ஒருவர்தான் வந்துகொண்டிருக்கிறார் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் ஃபோர்மேன் சார் எழுந்து போய் மாட்டைப் பார்ப்பார், வைக்கோல்போரைப் பார்ப்பார். எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மார்கழி ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பைநிறையக் காய். சிலது சிவக்கத் தொடங்கியிருந்தது. கன்னியம்மா பையை வாங்கவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"காயி இருக்கட்டும் சார். காஞ்சிபுரத்துல விசாரணைக்குக் கூப்ட்டுக்கிறாங்க. நீங்க அன்னிக்கு அங்கதான இருந்தீங்க? என் புள்ள அந்தக் கம்பிய கழட்டலன்னு ஆபீசராண்ட ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. உங்கள வுட்டா எங்களுக்கு ஆரு கீறாங்க?"

அவள் குரலில் குற்றம்சாட்டுதல் கொஞ்சமும் இல்லை. கோயிலில் வேண்டிக்கொள்வதுபோலத்தான் கேட்டாள்.  ஃபோர்மேன் சாரின் முழங்கையை அவர் வீட்டம்மா சட்டென்று பிடித்ததை நான் பார்த்தேன்.

ஏழுமலைதான் குறுக்கே வந்தான். "சும்மா இரும்மா. சாரு வந்து பேசினா சாரு வேலைக்கி ஆபத்து. வாணாம் சார், நீங்க வராதீங்க. வந்து பாத்துக்கினு போறீங்களே, அதுவே போதும்" என்றான்.

 அந்த வாரம் முழுக்க ஃபோர்மேன் சார் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. அந்த அம்மாதான் தண்ணீர் ஊற்றினாள். சுவர் தாண்டி அவர்கள் பேச்சு காதில் விழுந்தது. பெரிய சண்டையாக இல்லை. தையில் நம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், அது முடியட்டும், அதன்பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.  ஒரு சாட்சி சொல்வதற்கும் பெண் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

விசாரணை நாளன்று காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரை, "கூட வர்றியாப்பா?" என்று கேட்டார். அவர் யாரிடமும் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த அம்மா வாசலுக்கு வரவில்லை.

அங்கே நடந்ததை என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து சொன்னார். ஃபோர்மேன் சாரைப் பார்த்ததும் ஏழுமலைக்கு முகமெல்லாம் சிரிப்பாம். தன் பக்கத்தில் இடம் விட்டு உட்காரவைத்தானாம். கம்பெனிக்காரர்கள் பழைய கதையையே சொன்னார்கள். அதிகாரி, அப்போது பொறுப்பில் இருந்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஃபோர்மேன் சார் எழுந்து நின்றார்.

"பையன் கழட்டல சார். நான்தான் கழட்டினேன். ஆர்டர் அவசரம், கார்டு இருந்தா வேகமா ஓட்ட முடியல. மத்தியானமே நானே ஸ்பேனர் எடுத்துக் கழட்டி மூலையில வெச்சேன். அவன் ஷிஃப்டுக்கு வர்றப்போ அது மெஷின்ல இல்ல. அவனுக்கு எதுவும் தெரியாது."

கம்பெனி ஆள் அவர் சட்டையைப் பிடித்து உட்கார் என்று இழுத்தானாம். அவர் உட்காரவில்லை. கேட்டபோதெல்லாம் அதையே வார்த்தை மாறாமல் சொன்னார். பக்கத்திலிருந்த ஏழுமலை மெதுவாக எழுந்து ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டான். கன்னியம்மா அழவில்லை, சபிக்கவில்லை. வெளியே வந்த பிறகு அவர் முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்.

"அப்போ இத்தினி நாளா எங்க வூட்டுக்கு வந்துக்கினு இருந்தியே சார்?"

ஃபோர்மேன் சார் திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தாராம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு போட்டுவைத்தேன். தொடவில்லை. ஃபோர்மேன் சார் இப்படிச் செய்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்றேன்.

"அவரு மட்டுமா?" என்றார். "கார்டைக் கழட்டி ஓட்டுறது அங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் நான் இந்த எட்டு மாசமா வாயைத் திறக்கல. இன்னிக்கும் அந்த ரூம்லதான் உக்காந்திருந்தேன். என்னை யாரும் கேக்கல, நானும் எந்திரிக்கல."

நான் தட்டை எடுத்து மூடிவைத்தேன்.  எங்கள் வீட்டு அரிசியும் அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மறுவாரமே ஃபோர்மேன் சார் வேலையிலிருந்து நின்றுவிட்டார். அவர்களாக அனுப்புவதற்கு முன்னால் இவராக எழுதிக்கொடுத்துவிட்டார். ஏழுமலையைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. ஸ்டோர்ஸில், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து மேஜை. பெண்ணின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஏதேதோ கேட்டார்கள், ஒரு முகூர்த்தம் தள்ளிப்போயிற்று. பிறகு மணிமங்கலம் கோயிலில் எளிமையாக நடந்தது. கம்பெனியிலிருந்து வந்தது நாங்கள் மட்டும்தான்.

அந்த அம்மா என்னிடம் ஒருநாள் மனம்விட்டுச் சொன்னாள். அடிபட்ட அன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மறுநாளே போய் ஒப்புக்கொள்கிறேன் என்று கிளம்பியவரை, பெண்ணைக் காட்டி, சத்தியம் வாங்கி நிறுத்தியது அவள்தான். "பாவம் அவரு தலையில மட்டும் இல்லம்மா" என்றாள். தன் தலையையும் தொட்டுக் காண்பித்தாள்.

செடிகள் மாசி வரை காய்த்தன. அவ்வளவு காயை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அம்மா தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். வடக்குப்பட்டுக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை. அவர் படப்பையில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சாப்பாட்டுக் கூடையோடு தினமும் பஸ்ஸில் போய்வந்தார். சட்டை தோளில் தொங்குகிற அளவுக்கு இளைத்துப்போனார். ஆனால் யாராவது ஏதாவது சொன்னால் எழுந்து போவது மட்டும் நின்றுவிட்டது. இருந்து கேட்டுவிட்டு, சரி என்பார்.

ஏழுமலை அவரிடம் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களோடு பேசுவான், என் பையன் பிறந்தபோது வந்து பார்த்தான். எங்கள் போர்ஷனுக்குள் வந்தவன், முன்வாசலைத் தவிர்த்துவிட்டுப் பின்பக்கமாகவே சுற்றி வந்தான்.

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்வதற்குச் சில நாள் முன்னால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஃபோர்மேன் சாரும் அங்கே நின்றிருந்தார். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டி வந்து நின்று, ஏழுமலை இறங்கினான். என்னைப் பார்த்துவிட்டான். குழந்தையைப் பார்த்துச் சிரித்தவன், பக்கத்தில் நிற்பவரைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி, முகத்தைத் திருப்பிக் கீழே காறித் துப்பிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனான். கூட்டத்தில் எல்லாரும் பார்த்தார்கள்.

 அவனுக்காகத்தானே வேலையை விட்டார், எல்லாவற்றையும் விட்டார் என்று எனக்கு மனசு கொதித்தது. "மனசுல வச்சுக்காதீங்க சார். சின்னப் பையன், விவரம் இல்லாம நடந்துக்கிறான்" என்றேன்.

அவர் ஏழுமலை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. அவன் கோவப்படட்டும்" என்றார். "அவன் எழுந்து நின்னு வணக்கம் சொல்லிக்கினு இருந்தான் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

படப்பை பஸ் வந்தது. கூட்டம் ஏறி முடியும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு, அவர் கடைசியாக ஏறினார்.